பறவைத் தூதுக்கு மறுமொழி பெற்ற சாலிம் அலி

பின்பனிக் காலம் முடியும் தறுவாயில், ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்து ஏரிக்கரைகளிலும் கேழ்வரகு அறுத்த தரிசு நிலங்களிலும் தாழப் பறந்து இரை தேடும் பூனைப்பருந்துகள் ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கும். இரு சிறகுகளையும் சற்றே உயர்த்திப் பிடித்தபடி, புல் நுனியைத் தொடுவதுபோல் மிதந்து செல்லும் பறவை அது. ஐப்பசி, கார்த்திகையில் வந்தது, மாசி, பங்குனியில் புறப்பட்டுவிடும். ஆலைகளின் சங்கொலிக்கும் நெடுஞ்சாலை இரைச்சலுக்கும் மேலே, வெயில் ஏறும் முற்பகலில், வெப்பக் காற்றில் வட்டமிட்டு உயர்ந்து வடக்கு நோக்கி அது மறைவதை அண்ணாந்து பார்ப்பவர் சிலரே. எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது, எத்தனை போயின, அடுத்த ஆண்டு எத்தனை திரும்பும் என்று கேட்பவர் அவர்களிலும் சிலரே.

தமிழ்ப் புலவர்கள் இந்த வழியை முன்பே அறிந்திருந்தனர். குமரித் துறையிலிருந்து வடமலைக்குச் செல்லும் அன்னச் சேவலை விளித்து, உறையூரில் கோப்பெருஞ்சோழனைக் கண்டு செல்லுமாறு பாடினார் பிசிராந்தையார். மாடக்கூடல் நகரில் குளிரில் நடுங்கிய சத்திமுத்தப் புலவர், தென்குமரி ஆடி வடதிசைக்கு ஏகும் நாரையிடம் தம் மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்பினார். பறவைகள் பருவந்தோறும் தெற்கும் வடக்குமாகப் பயணம் செய்கின்றன என்னும் உண்மை அப்பாடல்களின் அடித்தளமாக நிற்கிறது. ஆனால், தூது சென்ற பறவை போய்ச் சேர்ந்ததா என்பதை அறிய அந்நாளில் வழியில்லை. அந்த வழியை இந்த நாட்டில் கண்டு, பறவைகளிடமிருந்து மறுமொழி வாங்குவதற்குத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் சாலிம் அலி.

இளமை

சாலிம் மொய்சுதீன் அப்துல் அலி 1896 ஆம் ஆண்டு நவம்பர் 12 ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். பெரிய குடும்பத்தின் கடைக்குட்டி. ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். குழந்தைப் பேறு இல்லாத தாய்மாமன் அமிருதீன் தயாப்ஜியும் அவர் துணைவியார் அமீதா பேகமும் அக்குழந்தைகளைத் தம் பிள்ளைகளாகவே வளர்த்தனர். வேட்டையில் ஈடுபாடு மிகுந்த குடும்பம் அது. சிறுவன் சாலிமின் கையில் விளையாட்டுப் பொருளாக வந்தது ஒரு காற்றுத் துப்பாக்கி.

ஒரு நாள் அவன் சுட்டு வீழ்த்திய சிட்டுக்குருவி மற்ற குருவிகளைப்போல் இல்லை. அதன் தொண்டையில் மஞ்சள் பூசியதுபோன்ற ஒரு தடம் இருந்தது. அதை உண்ணலாமா கூடாதா என்ற ஐயத்தில் மாமனிடம் கொண்டுபோனான். மாமன் விடை தெரியாமல், தாம் உறுப்பினராக இருந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார். 1883 இல் தோன்றிய அக்கழகத்தின் மதிப்பியல் செயலர் மில்லார்டு என்ற ஆங்கிலேயர். அச்சத்தோடு வாயிலில் நின்ற பன்னிரண்டு வயதுச் சிறுவனை அவர் உள்ளே அழைத்து, அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னார். பாடம் செய்து வைக்கப்பட்ட பறவைகள் நிறைந்த இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். படிக்கப் புத்தகங்களும் தந்தார்.

விழுந்த ஒரு குருவி அந்தச் சிறுவனின் வாழ்க்கைப் பாதையையே மாற்றியது. முதுமையில், 1985 இல் வெளியிட்ட தன் வரலாற்று நூலுக்கு அவர் இட்ட பெயரும் அந்தக் குருவியின் வீழ்ச்சியையே குறிக்கிறது.

பட்டமும் பதவியும் இல்லாத ஆண்டுகள்

ஆயினும் பாதை எளிதாக அமையவில்லை. 1914 இல் குடும்பத்தின் சுரங்க, மர வணிகத்தைக் கவனிக்கப் பர்மாவின் தவாய் பகுதிக்குச் சென்றார். வணிகக் கணக்கைவிட அங்கிருந்த காடுகளே அவரை ஈர்த்தன. 1917 இல் பம்பாய் திரும்பி வணிகக் கல்வியும், தூய சவேரியார் கல்லூரியில் விலங்கியலும் பயின்றார். 1918 இல் தெகுமினா பேகத்தை மணந்தார். மீண்டும் பர்மா சென்றார். அங்கே தொழில் நொடித்தது. முப்பது வயதை நெருங்கியபோது அவரிடம் சொத்தும் இல்லை, பல்கலைக்கழகப் பட்டமும் இல்லை. இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பறவையியலாளர் பதவிக்கு முயன்றபோது அந்தப் பட்டம் இல்லாமையே தடையாயிற்று.

1926 இல் பம்பாய் வேல்சு இளவரசர் அருங்காட்சியகத்தில் இயற்கை வரலாற்றுப் பிரிவின் வழிகாட்டி விரிவுரையாளராக அமர்ந்தார். இரண்டு ஆண்டுகளில் அவ்வேலை அவருக்குச் சலித்தது. முறையான பயிற்சி வேண்டும் என்ற வேட்கையோடு விடுப்பெடுத்துக்கொண்டு பெர்லின் சென்றார். அங்கே பேராசிரியர் எர்வின் சிதிரெசுமன் அவரை மாணவராக ஏற்றுக்கொண்டார். சாலிம் அலி பிற்காலத்தில் தம் குருவாகக் கருதியது இவரையே.

அந்நாட்களில் வடகடலில் உள்ள எல்கோலாந்து தீவுக்கும் அவர் சென்றார். கடலைக் கடக்கும் பறவைகள் இளைப்பாற இறங்கும் சிறு தீவு அது. அங்கே பறவைகளைக் காயமின்றிப் பிடித்து, காலில் எண் பொறித்த உலோக வளையம் இட்டு, விடுவிக்கும் நிலையம் இருந்தது. எங்கோ தொலைநாட்டில் அப்பறவை மீண்டும் பிடிபட்டாலோ இறந்து கிடந்தாலோ, வளையத்தைக் கண்டவர் எழுதும் கடிதத்தால் அதன் பயணம் புலப்படும். பறவையின் காலில் முகவரி எழுதி அனுப்பும் இக்கலையை சாலிம் அலி அங்கே கைப்படக் கற்றார்.

1930 இல் தாயகம் திரும்பியபோது, நிதிப் பற்றாக்குறையால் அருங்காட்சியகப் பதவி நீக்கப்பட்டிருந்தது. வேலையின்றி, பம்பாய்க்கு எதிர்க்கரையில் உள்ள கீகிம் என்னும் கடலோரச் சிற்றூரில் மனைவியுடன் குடியேறினார். வறுமை தந்த அந்த ஓய்வில்தான் அவருடைய முதற்பெரும் ஆய்வு பிறந்தது. வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. ஆண் குருவி பாதிக் கூட்டைப் பின்னுகிறது. பெண் குருவி வந்து பார்க்கிறது. கூடு பிடித்திருந்தால் ஆணையும் ஏற்கிறது. பெண் அடைகாக்கத் தொடங்கியதும் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி, அடுத்த துணையைத் தேடுகிறது. நாள்தோறும் பொறுமையுடன் கவனித்து அவர் எழுதிய இவ்வுண்மைகள் அறிஞர் உலகின் பார்வையை அவர்பால் திருப்பின.

நாடெங்கும் நடந்த கால்கள்

பின்னர் ஒரு துணிந்த வேண்டுகோளுடன் சுதேச சமஸ்தானங்களை அணுகினார். பயணச் செலவை மட்டும் ஏற்றால் போதும், ஊதியம் வேண்டாம், உங்கள் நாட்டுப் பறவைகளை ஆராய்ந்து தருகிறேன் என்பது அதன் சாரம். 1931 இல் ஐதராபாத்தில் தொடங்கிய பணி 1933 இல் திருவிதாங்கூர், கொச்சிக்கு நீண்டது. குவாலியர், இந்தூர், போபால் என்று அது விரிந்தது. கூடாரம், மாட்டுவண்டி, கட்டை மரச் சாலை, மலேரியா காய்ச்சல் ஆகியவற்றுக்கு இடையே தெகுமினா அவருடன் சென்றார். முகாமை நடத்தியதோடு, அவர் எழுதும் ஆங்கில நடையைச் செம்மை செய்து தந்தவரும் அந்த அம்மையாரே.

அந்நாளைய பறவையியல் துப்பாக்கியின் துணையோடு நடந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தூரநோக்கிக் கருவிகள் எளிதில் கிடைக்காத காலம். இனத்தை உறுதி செய்யப் பறவையைச் சுட்டுத் தோலைப் பாடம் செய்வதே முறை. சாலிம் அலியும் அவ்வாறே செய்தார்; பின்னாளில் அதற்காகப் பொய்யாக வருந்தவும் இல்லை. தேவைக்கு மேல் ஒரு பறவையும் எடுக்கலாகாது என்பதிலும், உயிருள்ள பறவையின் வாழ்க்கையே முதன்மையானது என்பதிலும் உறுதியாக இருந்தார். அருங்காட்சியக இழுப்பறையிலிருந்து வயல்வெளிக்குப் பறவையியலைக் கொண்டுவந்ததே அவர் செய்த மாற்றம்.

1939 இல் ஒரு சிறிய அறுவைக்குப் பின் குருதியில் நச்சுக் கலந்து தெகுமினா மறைந்தார். இருபதாண்டுத் தோழமை அறுந்தது. சாலிம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. தங்கும் இடமாகச் சகோதரியின் வீடும், துயரைத் தாங்கும் இடமாக வேலையும் அமைந்தன. 1939-40 இல் மைசூர் சமஸ்தானத்துப் பறவைகளை ஆராய்ந்தார். அந்நாளில் சேலம் மாவட்டத்தில் இருந்த ஓசூர் வட்டத்தின் எல்லைக்கு அப்பால் தொடங்கும் அதே மேட்டுநிலம் அது. மனிதர் வகுத்த எல்லைக்கோடு பறவைப் பட்டியலுக்குப் பொருந்தாது. இப்பக்கத்து ஏரியில் இறங்கும் வாத்தே அப்பக்கத்து ஏரியிலும் இறங்கும்.

1941 இல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் பற்றிய நூல் வெளிவந்தது. அறிஞருக்காக அன்றி, தோட்டத்தில் வந்தமரும் பறவையின் பெயரை அறிய விரும்பும் எவருக்காகவும் எழுதப்பட்ட நூல் அது. தேராதூன் சிறையில் இருந்த சவகர்லால் நேரு அதைப் படித்து மகள் இந்திராவுக்கு அனுப்பினார். ஒரு புத்தகம் சிறைச்சுவரைத் தாண்டிச் சென்று தேடித் தந்த அந்த நட்பு, பின்னர் பல சதுப்பு நிலங்களைக் காத்தது.

பரத்பூரில் இரு கணக்குகள்

இராசசுத்தானத்துப் பரத்பூரில், கேவலாதேவ் கோயிலைச் சூழ்ந்த சதுப்பு நிலத்தில் ஒரு கல்வெட்டு நிற்கிறது. எந்த ஆண்டில் எந்த விருந்தினருக்காக நடந்த வேட்டையில் எத்தனை பறவைகள் வீழ்ந்தன என்னும் கணக்கு அதில் பொறிக்கப்பட்டுள்ளது. 1938 நவம்பர் 12 அன்று, அரசப்பிரதிநிதி லின்லித்கோ பிரபுவின் வருகையின்போது ஒரே நாளில் வீழ்ந்தவை 4,273 பறவைகள். அன்று சாலிம் அலிக்கு நாற்பத்திரண்டாவது பிறந்தநாள்.

விடுதலைக்குப் பின், வேட்டையாடும் மன்னர்கள் போய், நிலம் வேண்டிய மக்கள் வந்தனர். சதுப்பைத் தூர்த்து, நீரைத் திருப்பி, உழவுக்குத் தரவேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. பசித்தவன் கேட்கும் நிலத்தைப் பறவைக்கு விடச் சொல்வது எளிதன்று. சாலிம் அலி நேருவிடம் வழக்கை எடுத்துச் சென்றார். கேவலாதேவ் பிழைத்தது. 1985 இல் அது உலகப் பாரம்பரிய இடமாக அறிவிக்கப்பட்டது. வீழ்ந்த பறவைகளைக் கல்லில் எண்ணிய அதே இடத்தில், உயிருள்ள பறவைகளை ஏட்டில் எண்ணும் பணி வேரூன்றியது.

வளையத்தின் மறுமொழி

1957 இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன; மனிதருக்கும் கொடிய காய்ச்சல் பரவியது. அந்நோயின் நுண்ணுயிர் உருசிய நாட்டுக் காடுகளில் உண்ணிகளால் பரவும் நோயின் நுண்ணுயிரை ஒத்திருந்தது. அதனால், வலசை வரும் பறவைகளே உண்ணிகளைச் சுமந்து வந்தனவோ என்ற ஐயம் எழுந்தது. அதை ஆராய, பறவைகளின் வழி தெரிய வேண்டும். எல்கோலாந்தில் கற்ற கலைக்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின் வேளை வந்தது. 1959 இல் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் பம்பாய்க் கழகம் பெரும் வளையமிடும் திட்டத்தைத் தொடங்கியது. சுவிட்சர்லாந்து அறிஞர் ஆல்பிரடு சிப்பெர்லி வந்து பயிற்சிக்கு உதவினார்.

கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலையைப் புதர்களுக்கிடையே விரிப்பார்கள். சிக்கிய பறவையை நோகாமல் எடுத்து, எடையும் சிறகின் நீளமும் அளந்து, காலில் இலேசான உலோக வளையத்தைப் பூட்டி, வானில் விடுவார்கள். வளையத்தில் ஓர் எண்ணும் பம்பாய்க் கழகத்தின் பெயரும் இருக்கும். ஆயிரம் பறவைகளை அனுப்பினால் சிலவே செய்தி தரும். ஆனால் அவை தந்த செய்தி வியப்பானது. பரத்பூரில் வளையம் பூண்ட வாத்துகள் இமயத்துக்கு அப்பால் சோவியத் நிலங்களில் கண்டெடுக்கப்பட்டன. தமிழ்நாட்டின் கோடியக்கரையும் இப்பணியின் முதன்மையான களங்களுள் ஒன்றாயிற்று. வேதாரண்யத்துக்குத் தெற்கே, கடலும் உப்பளமும் சதுப்பும் கூடும் அம்முனையில், வடதுருவத்தை ஒட்டிய நிலங்களில் முட்டையிடும் சிறு உள்ளான்கள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. 1967 இல் கோடியக்கரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

இந்தப் பணியே அவருக்குப் பெரும் வேதனையையும் தந்தது. திட்டத்துக்கு அமெரிக்க நிதியும் வந்ததால், பறவைகள் வழியே நோய்க்கிருமிகளைப் பரப்பும் போர்த் திட்டத்துக்கு இது மறைமுக உதவியோ என்று 1970களின் நடுவில் நாளேடுகளிலும் நாடாளுமன்றத்திலும் வினாக்கள் எழுந்தன. வாழ்நாள் முழுதும் ஊதியம் பாராமல் உழைத்த முதியவரின் நாட்டுப்பற்று ஐயத்துக்குள்ளாயிற்று. வல்லரசுகள் பகைத்து நின்ற காலத்தில் அந்த ஐயத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. வெளியார் பணம் பெறும் அறிவியல், தன் கணக்கை மக்கள் முன் திறந்து வைக்க வேண்டும் என்னும் பாடத்தை அது விட்டுச் சென்றது. சாலிம் அலி தம் பணியை விடவில்லை. 1980களில் கோடியக்கரையில் மீண்டும் வலைகள் விரிந்தன.

பருந்தும் எண்ணும்

வாத்தும் உள்ளானும் வலையில் அகப்படுவதுபோல் பருந்தினம் எளிதில் அகப்படாது. அது உயரத்தில் செல்வது. கூட்டமாக நீரில் இறங்காதது. எனவே கொன்றுண்ணிப் பறவைகளின் வலசையை அறிய, கண்ணால் பார்த்து எண்ணுவதே நெடுங்காலம் முதன்மையான வழியாக இருந்தது. பூனைப்பருந்துகள் அதற்கு ஓர் உதவி செய்கின்றன. பகலெல்லாம் தனித்தனியே திரிந்தாலும், அந்தி மயங்கும் வேளையில் ஒரே புல்வெளியில் கூடித் தரையிலேயே உறங்குகின்றன. அவ்விடத்தை அறிந்து, கதிரவன் மறையும் முன் அமர்ந்து, இறங்கும் பறவைகளை எண்ணினால் ஒரு வட்டாரத்தின் கணக்குக் கிடைத்துவிடும். புல்வெளி போய்விட்டால் கணக்கும் போய்விடும்.

சாலிம் அலியும் அமெரிக்க அறிஞர் திலன் ரிப்ளியும் இணைந்து எழுதிய பத்துத் தொகுதிக் கையேடு 1968 முதல் 1974 வரை வெளிவந்தது. இத்துணைக்கண்டத்தின் கழுகு, பருந்து, வல்லூறு அனைத்தும் அவற்றின் பருவம், பரவல், பழக்கங்களுடன் அதில் இடம்பெற்றன. 1980களில், விமான நிலையங்களில் பருந்தும் பிணந்தின்னிக் கழுகும் விமானங்களில் மோதும் விபத்துகளைக் குறைக்கும் ஆய்வுக்கும் அவர் வழிகாட்டினார். பறவைகளைக் கொல்வதால் தீர்வு வராது. நிலையத்தைச் சுற்றிக் குவியும் கழிவையும் இறைச்சி எச்சத்தையும் அகற்றுவதே தீர்வு என்பது அத்தகைய ஆய்வுகளின் முடிவு.

அந்நாளில் பிணந்தின்னிக் கழுகுகள் இந்திய வானில் மிகச் சாதாரணமான பறவைகள். சாதாரணமானதை யார் எண்ணுவார்? எண்ணிய இடங்கள் மிகச் சில. பரத்பூர் அவற்றில் ஒன்று. 1990களில் அங்கே கழுகுகள் விரைந்து குறைவதைப் பம்பாய்க் கழகத்தார் தம் கணக்கேடுகளால் கண்டு உலகுக்கு அறிவித்தனர். கால்நடைகளுக்குத் தரப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் வலிநீக்கி மருந்தே காரணம் என்பது 2004 இல் தெளிவாயிற்று. 2006 இல் கால்நடை மருத்துவத்தில் அதற்குத் தடை வந்தது. அதற்குள் வெண்முதுகுக் கழுகுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அழிந்திருந்தன. பழைய கணக்கு இல்லாதிருந்தால் நோயும் தெரிந்திராது, மருந்தும் தெரிந்திராது. சாலிம் அலி காத்த சதுப்பு நிலம், அவர் மறைந்தபின் அந்த உதவியைச் செய்தது.

அவர் காலத்தில் ஊகமாகவே இருந்த மற்றொரு பாதையும் பின்னர் விளங்கிற்று. கிழக்கு ஆசியாவில் முட்டையிடும் அமூர் வல்லூறு, இந்தியாவையும் அரபிக்கடலையும் கடந்து ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்குச் செல்கிறது. 2012 இல் நாகாலாந்தின் தொயாங் நீர்த்தேக்கத்தருகே அவை பெருந்தொகையாகக் கண்ணியில் பிடித்துக் கொல்லப்படுவது தெரியவந்தது. அடுத்த ஆண்டே அவ்வூர் மக்கள் தாமே அக்கொலையை நிறுத்தினர். 2013 நவம்பரில் மூன்று பறவைகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பூட்டி, பங்தி, வோகா, நாகா என அந்த மண்ணின் பெயர்களையே இட்டு அனுப்பினர். எல்கோலாந்தின் உலோக வளையம் இவ்வாறு வளர்ந்தது. கடிதத்துக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த இடத்தில், நாள்தோறும் மறுமொழி வந்தது.

இறுதி ஆண்டுகள்

புகழ் அவரை முதுமையில் தேடி வந்தது. 1958 இல் பத்ம பூசண், 1976 இல் பத்ம விபூசண் விருதுகள் பெற்றார். 1976 இல் கிடைத்த பால் கெட்டி பரிசான 50,000 டாலரில் பெரும்பகுதியைப் பம்பாய்க் கழகத்தின் இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கே அளித்தார். கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்க எழுந்த குரல்களில் அவருடையதும் ஒன்று. 1985 இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். பட்டம் இல்லை என்று ஒரு காலத்தில் மறுக்கப்பட்டவருக்குப் பல்கலைக்கழகங்கள் மதிப்புறு முனைவர் பட்டங்களை அளித்தன. 1987 இல், தொண்ணூறு வயது நிறைந்தபின், பம்பாயில் காலமானார்.

தமிழ்நாட்டில் அவர் பெயர் இரு இடங்களில் ஊன்றி நிற்கிறது. கோவையை அடுத்த ஆனைகட்டியில் 1990 இல் அவர் பெயரால் பறவையியல் மையம் நிறுவப்பட்டது. மற்றொன்று எதிர்பாராதது. மேகமலையில் 1948 இல் பிடிக்கப்பட்ட ஒரு பழந்தின்னி வௌவால், பம்பாய்க் கழகத்தின் இழுப்பறையில் வேறு பெயரில் கிடந்து, 1972 இல் புதிய இனம் என்று உணரப்பட்டு, சாலிம் அலியின் பெயரைப் பெற்றது. சிறுவயதில் அவருக்காகத் திறந்த அதே வகை இழுப்பறை, இம்முறை அவர் பெயரை வெளியே கொணர்ந்தது.

ஓசூர் மேட்டுநிலத்தில் ஆலைகளும் மனைப்பிரிவுகளும் பெருகிவிட்டன. மேய்ச்சல் தரிசும் ஏரியின் விளிம்பும் சுருங்குகின்றன. ஆனாலும் மாசி மாதத்து முற்பகலில் இங்கிருந்து ஒரு பூனைப்பருந்து வடக்கே புறப்படுவது இன்றும் நிகழ்கிறது. சத்திமுத்தப் புலவரின் மரபில் வந்த கவிஞர் அதனிடம் செய்தி சொல்லி அனுப்பலாம். அனுப்பும் முன், தேதியையும் இடத்தையும் எண்ணிக்கையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பாராயின், சாலிம் அலிக்கு அதைவிடப் பொருத்தமான அஞ்சலி வேறில்லை. ஐப்பசியில் வானத்தைப் பார்க்கும்போது, திரும்பி வந்தவை எத்தனை என்று கேட்க அவருக்கு ஓர் எண்ணாவது கையில் இருக்கும்.